ஏற்காட்டில் ஓர் அலமாரியும் அதன் பின்சுவரும்: பூசணம் பிடித்த வாசகசாலை பற்றிய நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. ஏற்காட்டில் ஒரு சின்ன வாசகசாலையின் இரும்பு அலமாரியைத் திறந்தோம். திறந்ததுமே நமுத்த சாக்கு வாசம் முகத்தில் அடித்தது. நடுத்தட்டில் இருந்த புத்தகங்களின் முதுகில் சாம்பல் தூவியது போலப் பூசணம். கீழ்த்தட்டில் அது பச்சையும் கறுப்புமாகப் படர்ந்து, பக்கத்துப் பக்கத்துப் புத்தகங்களை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பொறுப்பில் இருக்கும் அக்கா சொன்னார்: "போன வருசம்தான் எல்லாத்தையும் வெயில்ல போட்டுத் துடைச்சு வெச்சோம். அதுக்குள்ள மறுபடியும் வந்திருச்சு பாருங்க." தான் ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல அவர் அதைச் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் புத்தகங்களை வருஷக்கணக்கில் தனி ஆளாகப் பார்த்துவருபவர் அவர்.

அந்தக் காலையிலிருந்து அடுத்த மழைக்காலம் முடியும் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான் சேலத்தில் இருந்துகொண்டு பழைய காகிதங்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறவள். வாசகசாலையின் பெயர் வேண்டாம். மலையில் இதே நிலையில் இருக்கும் அறைகள் பல. எந்த அறையில் இருப்பவருக்கும் இது பயன்பட்டால் போதும்.

உள்ளே என்ன இருந்தது

ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நூல்கள். பெரும்பகுதி தமிழ் நாவல்களும், பைண்ட் செய்த பழைய மாத இதழ்களும். ஒரு தட்டு முழுக்க ஆங்கில நூல்கள். அவற்றில் 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரும் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் கேட்டு எடுக்காத கீழ்த்தட்டில், ஒரு காப்பித் தோட்டத்தின் பேரேடுகளும் செக்ரோல்களும் இருபத்தாறு.

செக்ரோல் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான, கனத்த நோட்டு. இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து ஆள் பெயர், அப்புறம் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். முழு நாள் வேலைக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக் கோடு, வராத நாளுக்குச் சுழி. கடைசியில் கூலி, ரூபாய்-அணா-பை கணக்கில். அதற்கு நேராகக் கைநாட்டு. நான் முதலில் திறந்த பக்கத்தில் ஒரு கைநாட்டு ஈரம் பட்டு ஊறிப் பரவி, ரேகைகள் இருந்த இடம் ஊதா மேகமாகியிருந்தது. அதற்கு மேல் வரிசைக் கைநாட்டு மட்டும் தப்பித்திருந்தது. கட்டை விரலின் சுழி, நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு, எல்லாம் தெளிவாக. கவாத்துக் கத்தி பட்ட தழும்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டாம்ப் பேடின் ஊதா மை தண்ணீரில் கரையும் சாயம். இன்னும் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தால் அந்த விரலும் கரைந்திருக்கும்.

1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். குழி வெட்டியவர், பழம் பறித்தவர், மூட்டை சுமந்தவர் பெயரெல்லாம் எங்கே இருக்கிறது? தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் இந்த மலையில் யார் எத்தனை நாள் உழைத்தார், என்ன கூலி வாங்கினார் என்று சொல்ல இந்த மாதிரி நோட்டுகளை விட்டால் அதிகம் இல்லை.

அதனால் எதை முதலில் காப்பாற்றுவது என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. உதவிக்கு வந்த நண்பர்கள் கெசட்டியரைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். பழசு, கெட்டி அட்டை, பார்த்தாலே மதிப்பு தெரிகிறது. ஆனால் அதன் பிரதிகள் வேறு நூலகங்களில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பிரதியும் கிடைக்கிறது. செக்ரோலுக்கு உலகத்தில் ஒரே பிரதி. முதல் மேஜை அதற்குத்தான் என்று முடிவு செய்தோம்.

அதுவரை செய்யப்பட்டவை

பூசணம் புதிதாக வந்ததல்ல. வருஷா வருஷம் வரும், வருஷா வருஷம் ஏதாவது செய்வார்கள். எல்லாத் தட்டிலும் அந்துருண்டை போட்டிருந்தார்கள். அது பூச்சிக்கு. ராமபாணத்தையும் கரப்பானையும் ஓரளவு விரட்டும், பூசணத்தை ஒன்றும் செய்யாது. மூடிய அறையில் அந்த நெடியை நாள் முழுக்கச் சுவாசிக்கிறவருக்குத்தான் கெடுதல். வெயிலில் காயப்போட்டார்கள். அட்டைகள் வெளுத்தன, மலிவுக் காகிதம் இன்னும் பழுப்பேறியது. பூசணத்தின் வித்துகள் அப்படியே இருந்தன. ஈரத்துணியால் துடைத்தார்கள். அது பூசணத்தை எடுப்பதற்குப் பதில் காகிதத்துக்குள் தேய்த்து இறக்கியது, கூடவே தண்ணீரும் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் மூன்று செக்ரோல்களைக் கீழே ஒரு பைண்டிங் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ஓரம் சீராக இருக்கட்டும் என்று வெட்டு மிஷினில் கொடுத்திருந்தார்கள். இடது ஓரத்து வரிசை எண்கள் போய்விட்டன. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருந்தார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலப்பது நம் பைண்டிங்கில் நெடுங்கால வழக்கம்தான். ஆனால் துத்தத்தில் இருப்பது செம்பு. அது காகிதத்தின் நார்கள் சிதைவதை வேகப்படுத்தும். பசை தொட்ட இடமெல்லாம் பழுப்புப் பட்டையாக இருந்தது, மடித்தால் ஒடிந்தது. அந்த மூன்று நோட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பழைய ஆவணத்தின் ஓரத்தை யாரும் வெட்டக் கூடாது. எழுத்து எதுவும் இல்லை என்று தோன்றினாலும் வெட்டக் கூடாது.

அறையைப் பார்த்தது

முதல் இரண்டு வாரம் நான் புத்தகங்களைத் தொடவே இல்லை. ஒட்டியிருந்தவற்றை மட்டும் எடுத்துப் பக்கத்து அறையில் பரப்பிவிட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் மூன்று வைத்தேன். ஒன்று அறை நடுவில், ஒன்று அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், ஒன்று வெளித் திண்ணையில். மலிவு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிக் குழம்பாக்கி, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் போகாமல் மூடி ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் அது 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் நாலைக் கழித்துப் படிக்க வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கிய மூன்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது.

அக்கா தினமும் இரண்டு வேளை எண்களை நோட்டில் குறித்தார். பத்தே நாளில் விஷயம் தெரிந்தது. அறை நடுவில் 70-ஐ ஒட்டி இருக்கும் நாளில்கூட அலமாரியின் பின்னால் 90-க்கு மேல். ஈரப்பதம் 65-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றாலே பூசணம் முளைக்க ஆரம்பித்துவிடும். வித்து எல்லாக் காற்றிலும் உண்டு, அதை ஒழிக்க முடியாது. அதற்கு வேண்டியது ஈரம் மட்டும்தான்.

அலமாரி மேற்குச் சுவரோடு ஒட்டியிருந்தது. கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய சுவர். வெளியே போய்ப் பார்த்தால், சுவரோரம் பூச்செடிக்காக மண்ணை முழங்கால் உயரத்துக்கு அணைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே கூரைத் தண்ணீரை வடிக்கும் தகரப் பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுவதும் அந்த மண்ணிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கம் சுண்ணாம்புக்கு மேல் ஆயில் பெயின்ட். சுவர் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஓதம் ஏறிய சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். 20 டிகிரியில் 70 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்று, 15 டிகிரிச் சுவரை ஒட்டிக் குளிர்ந்தால் அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 95 ஆகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக வர வேண்டியதில்லை. புத்தகங்கள் எல்லாம் அந்தச் சுவரை ஒட்டியே இருந்தன.

இது பாதிதான். மீதிப் பாதியை எனக்குச் சொன்னவர் அங்கே தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர். தோட்டத்தில் காப்பிக் களத்து வேலையை நாற்பது வருஷம் பார்த்தவர். நான் மீட்டரும் கையுமாக அலைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏங்கண்ணு, களத்துல காயற கொட்டைய சாயங்காலம் மூட்டம் எறங்கறதுக்குள்ள வாரிக் குமிச்சுத் தார்ப்பாய் போட்டு மூடிருவோம். தொறந்து கெடந்துச்சுன்னா பகல் பூராக் காஞ்சது ராத்திரியில ஈரத்தத் திரும்பக் குடிச்சுரும். இங்க என்னடான்னா மூட்டம் வர்ற நேரமாப் பாத்து ஜன்னலத் தொறக்கறீங்க."

வாசகசாலை திறந்திருப்பது மாலை 4 முதல் 6.30 வரை. அக்கா வந்ததும் முதல் வேலையாக நாலு ஜன்னலையும் திறப்பார். புழுக்கம் போகட்டும், காற்றோட்டம் வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூட்டம் ஏறுவதும் அந்த நேரம்தான். வெள்ளையாக உள்ளே வந்து அலமாரிக்குள் புகுந்துகொள்ளும். 6.30 மணிக்கு ஜன்னலை மூடி, அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் மாலை வரை அறை திறக்கப்படாது. வெயில் அடிக்கும் பதினொரு மணியிலிருந்து இரண்டரை மணி வரை எல்லாம் அடைத்தே கிடக்கும்.

பெரியவர் சொன்னதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம். ஒரு பயிரைக் காயவைக்கத் தெரிந்தவருக்குக் காகிதத்தைக் காயவைக்கவும் தெரியும். 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி ஃபுளோரன்ஸ் நகரின் தேசிய நூலகம் மூழ்கியபோது, நனைந்த நூல்களை அங்கே புகையிலை உலர்த்தும் சூளைக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்த்தான் காயவைத்தார்கள். நமக்கு மலையில் காப்பிக் களம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை.

செய்தவை

மார்கழிக்குள் அறை வேலையை முடித்தோம். பூச்செடி மண்ணை அள்ளினோம். பீலியை மாற்றினோம். ஆயில் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். அலமாரிகளைச் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி, செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். ஜன்னல் நேரம் மாறியது: பனி விலகிய பிறகு திறப்பது, மூட்டம் தலைகாட்டியதும் மூடுவது. இதற்காக அக்கா காலையில் ஒரு நடை கூடுதலாக வர ஒப்புக்கொண்டார். அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடலாமே, கேமரா வைத்திருப்பவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். சூடு ஏறினால் ஈரப்பதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் இல்லாத அறையில், காகிதத்துக்கு நடுவில், பழைய வயரிங்கில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

புத்தகங்களைச் சுத்தம் செய்தது தையில். இதில் பொறுமைதான் பெரிய கருவி. பூசணம் உயிரோடு இருக்கும்போது பிரஷ் பட்டால் இழுகும், கறை உள்ளே போகும். காய்ந்து உறங்கிப்போன பூசணம் பொடியாக உதிரும். அதனால் முதலில் காற்றோட்டமான அறையில் வாரக்கணக்கில் மெல்ல உலரவிட்டு, ஒரு மூலையில் பிரஷ் நுனியை வைத்துப் பார்த்து, பொடியாக வந்தால் மட்டும் வெளியே எடுத்தோம். திண்ணையில், காற்று நம்மிடமிருந்து வெளியே போகும் பக்கமாக உட்கார்ந்து, மிருதுவான தட்டை பிரஷால், முதுகிலிருந்து விளிம்பு நோக்கி. எல்லோருக்கும் என்95 மாஸ்க், கையுறை. ஆஸ்துமா உள்ள ஒரு தம்பி உதவ வந்திருந்தார். அவரைப் பக்கம் எண்ணும் வேலைக்கு அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. அலமாரித் தட்டுகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தோம். தூய ஆல்கஹால் சட்டென ஆவியாகிவிடும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால்தான் பூசணத்தின் உயிரணுவுக்குள் இறங்கும். பக்கங்கள் மேல் அதைத் தொடவிடவில்லை. ஊதா மை ஆல்கஹாலிலும் ஓடும்.

செக்ரோல்களைச் சுத்தம் செய்வதற்கு முன்பே, ஒட்டாமல் பிரிந்த ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தோம். செல்போன், ஒரு ஸ்டாண்ட், வடக்கு ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். பிரஷ் போடும்போது உதிர்ந்துவிடக்கூடிய ஓரங்கள் உதிர்வதற்கு முன் பதிவாகிவிட வேண்டும்.

என் தவறு ஒன்றும் இதில் உண்டு. மலைக் காற்று உலர நாளாகும், சேலத்துக்கு இறக்கிவிட்டால் சீக்கிரம் காயும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பில்லை. 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 15 கிராம் நீராவிதான் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 30 கிராம் தாங்கும். மேலே சொட்டச் சொட்ட இருக்கும் காற்று கீழே வந்து சூடானால் பாதி ஈரம்தான். அதனால் வேறு பிரதிகள் கிடைக்கக்கூடிய நாவல்களாக நாற்பதை வேனில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். இரண்டே நாளில் அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்தன. காலிகோ துணி ஒட்டிய முதுகுகள் வெடித்தன. அட்டையின் ஒரு பக்கம் முதலில் காய்ந்து சுருங்கினால் அப்படித்தான் ஆகும். படிப்படியாக, ஃபேன் நேராகப் படாமல், லேசான பாரம் வைத்து உலர்த்தியிருக்க வேண்டும். மீதி எல்லாவற்றையும் மேலேயே, கிழக்குப் பார்த்த அறையில், மெதுவாக உலர்த்தினோம். செக்ரோல்களை முதல் வண்டியில் ஏற்றாமல் இருந்தேனே என்பதை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

காப்பாற்ற முடியாததும் உண்டு. வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட ஒரு விழா மலர், பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டையாகிவிட்டது. அந்தக் காகிதத்தின் மேல் பூசிய வெள்ளைக் களிமண்ணும் பசையும் நனைந்தால் இளகும், காய்ந்தால் ஒன்றோடொன்று இறுகும். நனைந்த சில மணி நேரத்துக்குள் தாள்களுக்கிடையே மெழுகுத்தாள் வைத்திருந்தாலோ, உறைய வைத்திருந்தாலோ தப்பித்திருக்கும். அதிலிருந்த தொழிலாளர் குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கட்டைக்குள் இருக்கின்றன. அக்கா அதைத் தூக்கிப்போட மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

கிழிசல்களை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு ஒட்டினோம். பின்னால் வருகிறவர் தண்ணீர் ஒற்றிப் பிரித்துவிடலாம் என்பதுதான் அந்தப் பசையின் அருமை. செல்லோ டேப் ஒட்டியிருந்த இடங்களை அப்படியே விட்டேன். பசை மஞ்சளாகி நாருக்குள் இறங்கிவிட்டது. பிய்த்தால் எழுத்தும் வரும். துத்தப் பசை பட்ட மூன்று நோட்டுகளையும் பிரிக்கவில்லை, அதற்கு ஆய்வகமும் கைதேர்ந்தவரும் வேண்டும்.

நன்றாக உலர்ந்த பிறகு, செக்ரோல்களை மட்டும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைத்தோம். உலராமல் மூடினால் டப்பாவே பூசணத்தொட்டி ஆகிவிடும். நீல மணி ஜெல் வேண்டாம், அதில் உடம்புக்குக் கெடுதலான கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு மணி ஈரம் குடித்தால் பச்சையாகும். இளஞ்சூட்டில் வாணலியில் புரட்டினால் நிறம் திரும்பும். அந்த வாணலி அதற்கென்றே இருக்கட்டும்.

இரண்டாவது மழை

ஐப்பசியில் மழை பிடித்தது. நோட்டில் எண்களைப் பார்த்தபோது, அறை நடுவில் 70-ஐத் தாண்டிய நாட்கள் இருந்தன. ஆனால் அலமாரியின் பின்னாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். குளிர்ந்த மூலை என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. டப்பாக்களுக்குள் 50-ஐ ஒட்டியே நின்றது. மேல்தட்டுகளில் பூசணம் வரவில்லை.

கதவோரத்து அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும் ஏழு புத்தகங்களில் வெள்ளைப் புள்ளி. சுவர் காய்ந்திருந்தது, பீலி ஒழுகவில்லை. எனக்குப் புரியவே இல்லை. மழை கொட்டிய ஒரு மாலை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாம் சொட்டுகிற குடையை மடக்கி அந்த அலமாரியின் பக்கவாட்டில் சாய்த்துவிட்டுப் படிக்கப் போனார்கள். மறுநாளே குடைகளுக்கென்று திண்ணையில் ஒரு வாளி வைத்தோம்.

இருபத்தாறு செக்ரோல்களில் பதினேழு முழுதாகப் படம் எடுத்தாயிற்று. மீதி ஒன்பதில் பக்கங்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஒரு நாளைக்கு நாலைந்து தாளுக்கு மேல் பிரிக்க முடிவதில்லை. பெயர்களைத் தட்டச்சு செய்யும் வேலையை மலையில் கல்லூரிப் படிப்பு முடித்த இரண்டு பெண்கள் எடுத்திருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன், ஆவணிக்குள், பீலியில் சேர்கிற சில்வர் ஓக் இலைகளை அள்ள வேண்டும். யார் ஏறுவது என்று இன்னும் முடிவாகவில்லை.